எலியின் விறைப்பும் மனிதரின் மாத்திரையும்

அமாவாசை இரவில் செஞ்சி வழியாக மேல்மலையனூர் போகும் பேருந்தில், மனம் பேதலித்த ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் குடும்பத்தைப் பார்க்கலாம். அம்மனையும் கும்பிடுவார்கள், ஆஸ்பத்திரி மாத்திரையும் கொடுப்பார்கள். "சத்தம் அடங்கிடுச்சு, ஆனா ஆளு மரமாட்டம் ஆயிட்டான்" என்பது இத்தகைய வீடுகளின் பேச்சு. அந்த விறைப்பின் வரலாற்றைத் தேடினால் ஆய்வுக்கூடத்து எலியிடம் போய்ச் சேருகிறோம்.

மருந்து முதலில் எலியிடமிருந்து வரவில்லை. 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா வேரை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். அதன் சத்தான ரெசெர்பினை 1952இல் பாசல் நகரத்து சிபா நிறுவனம் பிரித்தெடுத்தது. அது மூளையில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லத்தான் விலங்கு தேவைப்பட்டது. 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் ரெசெர்பின் கொடுத்த முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோபமைனாக மாறும் எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. நார்அட்ரினலின் உருவாகும் வழியில் ஒரு படி மட்டுமே என்று கருதப்பட்ட டோபமைனுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்பது தெரிந்தது. 1963இல் அவர் சுண்டெலிகளுக்கு மனநோய் மருந்துகளான குளோர்ப்ரோமசைனும் ஹாலோபெரிடாலும் கொடுத்தபோது டோபமைன் சிதைபொருள் கூடியது. டோபமைனை வாங்கும் ஏற்பி அடைபட்டதால் நரம்பணு ஈடுகட்டப் பார்க்கிறது என்று அவர் ஊகித்தார். உயிருள்ள மனித மூளைக்குள் எட்டிப் பார்க்க வழியில்லாத காலம் அது. அந்த விலங்குகள் இல்லாமல் இந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்காது.

கோளாறு அதற்குப் பின்னால் நடந்தது. எலியின் முன்னங்கால்களை ஒரு கம்பியின் மேல் வைத்துவிட்டு, காலைக் கீழே இறக்காமல் அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பது புதிய மருந்துகளைச் சலிக்கும் சோதனைகளில் ஒன்றாயிற்று. விறைத்து நின்றால் நல்ல மருந்து! பக்கவிளைவையே குணத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம். எலியை அப்படி விறைக்கச் செய்யாத க்ளோசபின் என்ற மருந்து, விறைப்பில்லாமல் மனநோய் மருந்தே இல்லை என்ற நம்பிக்கையோடு மோத வேண்டியிருந்தது. காதில் குரல் கேட்கிறதா என்று எலியிடம் கேட்க முடியாது. அதன் காலை மட்டும் பார்த்தோம். இது எலியின் பிழையன்று.

அளவிலும் ஒரு பெரிய ஓட்டை. ஹாலோபெரிடால் மனித ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். எலிக்கு ஓரிரு மணி நேரம் போதும். தினம் ஒரு ஊசி போட்ட எலியின் ஏற்பிகள் மறுநாள் காலை காலியாகிவிடும். அதை மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கும் மனிதரோடு எப்படி ஒப்பிடுவது? ஆனாலும் ஒரு முடிவை நான் ஒதுக்கமாட்டேன். வாரக்கணக்கில் ஹாலோபெரிடால் பெற்ற எலிகளில் டோபமைன் ஏற்பிகள் பெருகியதை 1977இலேயே கண்டார்கள். கோயிலுக்குப் போய்வந்த தெம்பில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தும் குடும்பத்துக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: அடைப்பு நீங்கும்போது அங்கே காத்திருப்பது பழைய மூளை அல்ல.

2005இல் வெளியான குரங்கு ஆய்வைத்தான் முன்மாதிரி என்பேன். ஹாலோபெரிடாலோ ஓலான்சபினோ 17 முதல் 27 மாதம் கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தளவு மனித நோயாளிகளுக்கு இருப்பதைப் போலவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். மூளை ஏறத்தாழ 10 சதவீதம் சிறுத்திருந்தது. அவை நோயில்லாத குரங்குகள். நோயுற்ற மூளைக்கு அதே கதிதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குறைந்த அளவு மருந்தே போதுமா என்று ஒவ்வொரு மருத்துவரும் மறுபடி மறுபடி பார்க்க அது போதுமான காரணம். மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கும் முன், விறைப்பு இருக்கிறதா என்று நோயாளியின் முழங்கையை மடக்கிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.