ஔவையார்: ஒரு பெயர், பல புலவர்கள்

கிரேக்கத் தொன்மங்களில் எலெக்ட்ரா என்ற பெயரில் பல பெண்கள் உண்டு. ஒருத்தி அகமெம்னானின் மகள். ஒருத்தி அட்லசின் மகள். இன்னொருத்தி வானவில் தேவதை ஐரிசின் தாய். உறவைச் சொன்னால் குழப்பம் தீரும். தமிழில் ஔவையார்களைப் பிரித்தறிய அந்த வழி இல்லை. 'ஔவை' என்பதே தாயையும் மூத்த பெண்ணையும் குறிக்கும் மதிப்புச் சொல். அதனால் வெவ்வேறு காலத்துப் புலவர்கள் ஒரே பாட்டியாகிவிட்டனர்.

சங்க கால ஔவையார் பாடியவை 59 பாடல்கள். அவற்றுள் 33 புறநானூற்றில் உள்ளன. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இவருக்கு நெல்லிக்கனி தந்த செய்தியைச் சிறுபாணாற்றுப்படையும் கூறுகிறது. அந்நூல் பாடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர் ஆய்வாளர். உப்பளம் சூழ்ந்த எங்கள் கடற்கரையைப் பாடிய நூலிலேயே ஔவையின் பெயரும் இருப்பது எங்களுக்குப் பெருமை.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றின் ஆசிரியர் பிற்காலத்தவர். இதற்கு நூலுக்குள்ளேயே சான்று உண்டு. நல்வழியின் இறுதி வெண்பா திருவாசகத்தைக் குறிப்பிடுகிறது. ஆகவே அது மாணிக்கவாசகருக்குப் பிற்பட்டது; சங்கப் புலவர் அதைப் பாடியிருக்க முடியாது. ஆனால் மக்கள் வழக்கு, நெல்லிக்கனி தந்த நீண்ட ஆயுளைக் காட்டி இந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டது. 1953இல் ஜெமினி தயாரித்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற வேடம் அந்தப் பாட்டி உருவத்தை மேலும் நிலைநிறுத்தியது.

கதையாக இதில் குறையில்லை. இலக்கிய வரலாறாகக் கொண்டால் இழப்பு பெரிது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்று, அவனுடைய படைக்கலங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்தவர் சங்க ஔவை. அரசனோடு கள்ளுண்டதையும் அவன் இறந்தபின் நினைந்து பாடியவர். குறுந்தொகையில் காதல் நோயால் தவிக்கும் பெண்ணின் குரலாகவும் ஒலித்தவர். நான் பணியாற்றிய ஆண்டுகளில் ஔவை என்றதும் மாணவர்கள் 'அறம் செய விரும்பு' என்றே தொடங்குவார்கள். கோலூன்றிய பாட்டிக்குப் பின்னால் இந்தப் புலவர் மறைந்துபோனார்.

அறநூல் ஔவையின் பெருமை இதனால் குறையாது. குழந்தையும் மனத்தில் வைக்கும்படி சுருங்கச் சொன்னது தனித்திறன். இருவரையும் பிரித்துப் படித்தால்தான் இருவருக்கும் உரிய புகழ் சேரும். மாணவர்கள் கட்டுரை எழுதும்போது 'ஔவையார்' என்று மட்டும் எழுதாமல், 'சங்க கால ஔவையார்', 'அறநூல் ஔவையார்' என்று காலமோ நூலோ சேர்த்து எழுதுவது நல்லது.