மீட்பும் மீள்குடியேற்றமும்: ரிச்சர்டு டேவிஸ் நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள தொல்பொருள்களைத் தாயகத்திற்கு மீட்டல் குறித்த விவாதம் பெரும்பாலும் உடைமை பற்றியதாகவே அமைகின்றது. படிமம் யாருக்கு உரியது என்னும் வினாவிற்கு முன், படிமம் என்பது யாது என்னும் வினாவை எழுப்பியது ரிச்சர்டு டேவிஸ் ஆங்கிலத்தில் எழுதி 1997இல் வெளிவந்த 'இந்தியப் படிமங்களின் வாழ்வுகள்' என்னும் நூல். அதன் இறுதி இயலில் இடம்பெறும் பத்தூர் நடராசர் வழக்கின்வழி, மீட்பு எப்போது நிறைவுறுகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நூலின் நோக்குநிலை

படிமத்தின் பொருள் அதனை வடித்த சிற்பியோடு முடிந்துவிடுவதில்லை. அதனை எதிர்கொள்ளும் சமூகந்தோறும் புதிதாக உருவாகின்றது என்பது டேவிஸின் கருத்து. வழிபடுவோர்க்கு இறைவனாக விளங்கும் திருமேனி, வென்ற வேந்தனுக்கு வெற்றிச் சின்னமாகவும் அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாகவும் ஆகின்றது. இவற்றுள் ஒன்றை மட்டும் மெய்யெனக் கொள்ளாமல், அனைத்தையும் படிமத்தின் வரலாறாகக் கண்டது நூலின் வலிமை எனலாம்.

பத்தூர் வழக்கு

1976இல் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட இத்திருமேனி பல கைகள் மாறி, 1982இல் கனடா நாட்டு நிறுவனமொன்றால் வாங்கப்பட்டது. பின்னர் இலண்டன் காவல்துறையால் கைப்பற்றப்பட்டது. படிமத்தில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும்கூட வழக்கில் சான்றுகளாயின. இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். 1988இல் உயர்நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இந்தியத் தரப்பிற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. சிதைந்த கோயிலொன்று சட்டமுறை ஆளாக நின்று உரிமை கோரலாம் என்பதை ஆங்கில நீதிமன்றம் ஏற்றது இங்குக் குறிப்பிடத்தக்கது.

மதிப்பீடு

வழக்கில் வென்றது கோயில். ஆனால் திருமேனி சென்று சேர்ந்தது திருவாரூர் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையம். எதிர்கொள்ளும் சமூகமே பொருளைத் தருமாயின், வழிபடுவோரும் காண்போரும் அணுகவியலாத காப்பறையில் அப்படிமம் பெறும் பொருள் யாது? அருங்காட்சியகத்தில் அது கலைப்பொருளாகவேனும் வாழ்ந்திருக்கும். டேவிஸின் கோட்பாட்டை இவ்விடத்தில் மேலும் நீட்டிச் சிந்திக்க வேண்டியுள்ளது. இறைத்திருமேனியின் இருப்பிடத்தை முடிவு செய்கையில் அதன் விருப்பமும் மதிக்கப்பட வேண்டும் என 1925இலேயே பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் கூறியுள்ளமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அரசின் அச்சம் அடிப்படையற்றதன்று. வழிபாடு குன்றியிருந்த சிரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014இல் திரும்பிய அத்திருமேனியும் கும்பகோணம் பாதுகாப்பு மையத்திற்கே சென்றது. இதற்கு மாறாக, 1982இல் களவுபோய் 2019இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்ட கல்லிடைக்குறிச்சி நடராசர், குலசேகரமுடையார் கோயிலுக்கே திரும்பினார். எனவே ஊர்க்கோயிலுக்குத் திரும்புதல் இயலாத ஒன்றன்று என்பது பெறப்படுகின்றது.

முடிவுரை

நாட்டு எல்லையைக் கடந்து வருதல் மீட்பின் தொடக்கமே. கோயிலின் பெயரால் உரிமை கோரும் அரசு, அக்கோயிலில் காவலும் நாள்வழிபாடும் நிலைபெறச் செய்யும் கடப்பாட்டையும் உடன் ஏற்கின்றது. அக்கடப்பாடு நிறைவேறாதவரை, படிமத்தின் வாழ்வு ஒரு காப்பறையிலிருந்து மற்றொரு காப்பறைக்கு மாறியதாகவே கொள்ளப்படும்.