பின்னிருக்கை அதிகாரி நின்ற இடங்கள்

எதிரி நிலத்தில் விழுந்துவிட்ட விமானப்படையாளர் ஒருவர் உயிரோடு மீளும் கதையைச் சொல்லும் போர்ப்படங்களை மதிப்பிடுகிறவர்கள், பெரும்பாலும் அவருடைய கால்களையே பார்க்கிறார்கள். எவ்வளவு வேகமாக ஓடினார், எத்தனை குண்டுகளுக்குத் தப்பினார், அந்த ஓட்டம் நம்பும்படி இருந்ததா என்பவையே விவாதப் பொருளாகின்றன. 2001 நவம்பர் இறுதியில் அமெரிக்காவில் திரைக்கு வந்த 'பிஹைண்ட் எனிமி லைன்ஸ்' திரைப்படத்தைப் போல இந்தப் பிழையான பார்வைக்கு இலக்கான படம் அரிது. படத்தைப் பலமுறை பார்த்துக் காட்சி வரிசையையே மனப்பாடமாக அறிந்தவர்களுக்கான அலசல் இது என்பதால், வசூல் கணக்கையும் நட்சத்திர மதிப்பெண்களையும் ஒதுக்கிவிட்டு, ஒரே வகை முடிவை மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளலாம்: துரத்தப்படும் மனிதர் எப்போது ஓடாமல் நிற்க முடிவெடுக்கிறார் என்பது.

இப்படத்தைப் பற்றிய பார்வையாளர் கருத்துகள் மூன்று அணிகளாகப் பிரிந்து நிற்கின்றன. முதல் அணியினர் படைத்துறை நுட்பம் அறிந்தவர்கள். உயிர்பிழைத்தல், பிடிபடாதிருத்தல், பிடிபட்டால் பணியாதிருத்தல், தப்பித்தல் ஆகிய நான்கையும் கற்பிக்கும் 'சீர்' எனப்படும் அமெரிக்கப் படைப் பயிற்சியைச் சுட்டிக்காட்டி, பகலில் பதுங்கி இருளில் நகர வேண்டிய மனிதர் வெட்டவெளியில் பட்டப்பகலில் ஓடுவது அபத்தம் என்கிறார்கள். இரண்டாம் அணியினர் அந்த ஓட்டத்தின் விறுவிறுப்புக்காகவே படத்தைக் கொண்டாடுகிறார்கள். மூன்றாம் அணியினரோ, நகைச்சுவைப் பாத்திரங்களால் பெயர்பெற்ற ஒரு நடிகருக்குப் போர்வீரரின் ஓட்டம் பொருந்தவில்லை என்று தீர்ப்பளிக்கிறார்கள். தம்முள் ஓயாமல் மோதிக்கொள்ளும் இந்த மூன்று அணிகளும், படத்தின் சாரம் ஓட்டமே என்ற ஓர் அனுமானத்தில் ஒன்றுபட்டுவிடுகின்றன. பிழை தொடங்கும் இடம் அதுதான்.

அந்தப் பிழைக்கு வித்திடுவது 'வீழ்ந்த விமானி' என்ற சொல். கதையின் மையப் பாத்திரம் விமானியே அல்லர். படத்தில் சுட்டு வீழ்த்தப்படும் எஃப்/ஏ-18எஃப் வகைப் போர்விமானம் இருவர் அமரும் விமானம். முன்னிருக்கையில் இருப்பவர் விமானத்தைச் செலுத்துவார், பின்னிருக்கையில் இருப்பவர் ராடாரையும் உணர்கருவிகளையும் படித்து, எதிரே என்ன இருக்கிறது என்பதை முன்னவருக்குச் சொல்வார். விமானத்தைச் செலுத்தியவர் தரையிறங்கிய சிறிது நேரத்திலேயே கொல்லப்படுகிறார். எஞ்சியிருப்பவர் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட பின்னிருக்கை அதிகாரி. ஆகவே அவருடைய அடுத்தடுத்த முடிவுகளை, முதலில் சூழலைப் படித்து அதன்பின் அசையும் ஒரு பழக்கத்தின் தொடர்ச்சியாகப் பார்ப்பதே பொருத்தம். விளம்பரப்பட உலகிலிருந்து வந்த இயக்குநருக்கு இது முதல் முழுநீளப் படம். அவருடைய வேகமான வெட்டுகளும் சுழலும் கேமராவும் ஓட்டத்தையே கண்முன் நிறுத்துவதால், நடிகர் கட்டியெழுப்பும் அமைதி பலருக்குத் தென்படாமல் போய்விடுகிறது.

அந்த அமைதி மூன்று நிறுத்தங்களில் வெளிப்படுகிறது. முதல் நிறுத்தம், பிணக்குழிக் காட்சி. துரத்துவோர் நெருங்கிவிட்ட நிலையில் சறுக்கி விழும் அதிகாரி, கொன்று கொட்டப்பட்ட மனிதர்களின் குழிக்குள் தாம் கிடப்பதை உணர்ந்து, ஒரு சடலத்தின் அடியில் ஒடுங்கிக்கொள்கிறார். அதே நேரத்தில், கடலில் நிற்கும் விமானந்தாங்கிக் கப்பலில் அவருடைய தளபதி வெப்பப்படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உடல்கள் வெளியிடும் வெப்பத்தை ஒளியாக மாற்றிக் காட்டும் அந்தப் படத்தில், துரத்துவோரின் உருவங்கள் அதிகாரிக்கு மிக அருகில் நிற்பது தெரிகிறது, ஆனால் அவர் ஏன் ஓடவில்லை என்பது மட்டும் தெரியவில்லை. கப்பலில் இருப்பவர்களின் குழப்பமே திரையரங்கில் இருப்பவர்களின் குழப்பமும் ஆகிறது. காலும் கையும் பயன்படாத அந்த நிலையில் நடிகருக்கு எஞ்சியிருப்பவை மூச்சும் கண்ணும் மட்டுமே. அவற்றைக் கொண்டே அவர் அச்சம், அருவருப்பு, கணிப்பு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டிவிடுகிறார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே செல்லும் பந்தை மட்டையை உயர்த்தி விட்டுவிடும் தொடக்க ஆட்டக்காரரின் முடிவுக்கு நிகரானது இது. ஓட்டக் கணக்கில் அந்த முடிவு பதிவாவதில்லை. ஆட்டத்தைக் காப்பாற்றுவது மட்டும் அதுவாகவே இருக்கும்.

இந்தக் காட்சியை வெறும் பதுங்கலாகச் சுருக்கிவிடுகிறவர்கள் கதைக்களமான போஸ்னியாவை மறந்துவிடுகிறார்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களுமாக 8,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டுப் பெருங்குழிகளில் புதைக்கப்பட்டார்கள். அடுத்த மாதமே, புதிதாகக் கிளறப்பட்ட மண்ணைக் காட்டும் வான்வழிப் படங்களை ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்கா முன்வைத்தது. திரைப்படத்தின் கதை கற்பனையானது, போரின் சிக்கலை அது மிக எளிமைப்படுத்துகிறது என்ற குறையும் உண்மையானது. ஆயினும், விமானம் வீழ்த்தப்படுவதற்கே காரணம் அது வானிலிருந்து எடுத்த படங்கள்தான் என்பதால், குழிக்குள் கிடக்கும் அந்த நிமிடத்தில் பின்னிருக்கை அதிகாரி, வெகு உயரத்திலிருந்து கருவியால் பார்த்ததைத் தரையில் தம் கண்ணால் பார்க்க நேர்கிறது. அதுவரை தம் உயிரைக் காக்க மட்டுமே ஓடியவர், அதன்பின் ஒரு சாட்சியாக மாறுகிறார். அந்த மாற்றம் நிகழ்வது ஓடும்போதல்ல, அசையாமல் கிடக்கும்போது.

இரண்டாம் நிறுத்தம் ஹாச் என்ற கற்பனை ஊரில் நிகழ்கிறது. சண்டை முடிந்ததும் அதிகாரியின் சீருடையணிந்த உடல் ஒன்று கிடைக்க, அவர் இறந்துவிட்டதாக உலகுக்கு அறிவிக்கப்படுகிறது; உண்மையில் அவர் எதிரிப் படைவீரர் ஒருவரின் சடலத்தோடு உடையை மாற்றிக்கொண்டு வெளியேறிவிட்டார். இங்கும் முடிவு ஒன்றே: தாக்குதலின் நடுவே ஓடித் தப்ப முயலாமல், உடை மாற்றும் அளவுக்கு ஓரிடத்தில் நின்றது. வீழ்த்தப்பட்டவர்களுக்குத் தம் சீருடையே அடையாளம், பாதுகாப்பு, பெருமை எல்லாமும். அதைக் கழற்றும் முடிவுக்குக் கொடுத்த விலையாக, கப்பலிலிருந்து புறப்படவிருந்த மீட்புப் பணி கைவிடப்படுகிறது. சரியான முடிவுகூடத் தன் அணியைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் போர்ப்படங்கள் மிகச் சில.

மூன்றாம் நிறுத்தம் தேவதைச் சிலையருகே அமைகிறது. மீட்புப் பணி நின்றுவிட்டதை உணரும் அதிகாரிக்கு, தம்மை விமானத்திலிருந்து வெளியே வீசிய வெளியேற்ற இருக்கையில் அவசர அலைபரப்பி ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது. இடத்தைக் குறிக்கும் அலையை விடாமல் அனுப்பும் அந்தக் கருவி, நண்பருக்கும் பகைவருக்கும் ஒரே குரலில் முகவரி சொல்லக்கூடியது. அதை இயக்கியபின் ஓடிவிடாமல், வரப்போகும் வேட்டையாளருக்காக அவர் பதுங்கிக் காத்திருக்கிறார். அந்த வேட்டையாளருக்குப் படம் விளையாட்டு வீரர்களின் பயிற்சி உடையை அணிவித்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஓடுவதில் வல்லவர் அவர்தான், இறுதியில் வெல்பவர் காத்திருந்தவர். இதன்பின் வானிலிருந்து எடுத்த படங்கள் அடங்கிய தகட்டை மீட்பதற்காகக் குண்டுமழைக்குள் அதிகாரி திரும்பி ஓடுவது பயிற்சி நூல்களின்படி மோசமான முடிவு என்பதை இந்த அலசலும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் குழிக்குள் சாட்சியாக மாறிய ஒருவரிடம் வேறு முடிவை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

முதல் அணியினர் தம் வாதத்துக்குத் துணையாக ஓர் உண்மை நிகழ்வை அழைப்பது வழக்கம். 1995 ஜூன் 2 அன்று போஸ்னியாவின் ம்ர்கோன்யிச் கிராட் பகுதியில், அமெரிக்க விமானப்படையின் ஸ்காட் ஓ'கிரேடி ஓட்டிச் சென்ற எஃப்-16 விமானம் தரையிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணையால் வீழ்ந்தது. ஆறு நாள்கள் மறைந்திருந்த அவரை ஜூன் 8 அன்று, 'கியர்சார்ஜ்' கப்பலிலிருந்து பறந்துவந்த கடற்படைக் காலாட்படையினர் ஹெலிகாப்டரில் மீட்டார்கள். தேடியவர்கள் சில அடி தொலைவில் கடந்துபோனபோதும் முகத்தை மண்ணில் புதைத்து அசையாமல் கிடந்தார்; இலை, புல், எறும்பு ஆகியவற்றைத் தின்றார்; மழைநீரைச் சேர்த்துக் குடித்தார்; அலை பிடிபட்டுவிடும் என்ற அச்சத்தால் வானொலிக் கருவியைச் சிக்கனமாகவே பயன்படுத்தினார். அவர் ஓடவில்லை, ஆகவே படம் பொய் என்பது முதல் அணியின் முடிவு. அதே சான்று எதிர்த்திசையில்தான் பேசுகிறது: ஆறு நாள் அசைவின்மையை ஏறக்குறைய இரண்டு மணி நேரக் காட்சியாக்க வேண்டியிருந்த படம், இடைப்பட்ட நேரத்தை ஓட்டத்தால் நிரப்பினாலும், கதை திரும்பும் மூன்று இடங்களிலும் உண்மை நிகழ்வின் ஒழுக்கத்தையே தக்கவைத்துக்கொண்டது.

இதற்கு மூத்த முன்னுதாரணம் ஒன்றும் உண்டு. 1972 ஏப்ரல் 2 அன்று வியட்நாமின் குவாங் திரி பகுதியில் ஆறு பேருடன் வீழ்ந்த மின்னணுப் போர் விமானத்திலிருந்து உயிர்தப்பிய ஒரே மனிதர் ஐசீல் ஹாம்பிள்டன். அவரும் விமானி அல்லர், வழிகாட்டும் பொறுப்பிலிருந்த அதிகாரி. எதிரிகள் வானொலியை ஒட்டுக்கேட்டதால், கோல்ஃப் ஆட்டத்தில் ஊறியிருந்த அவருக்கு, அவர் நன்கறிந்த மைதானங்களின் குழிகளைக் குறிப்பிட்டே மீட்புக் குழு வழி சொன்னது. எந்தக் குழி என்று சொன்னால் திசையும் தொலைவும் அவருக்கு விளங்கிவிடும், கேட்டுக்கொண்டிருந்த பகைவருக்கு விளங்காது. ஓட்டப் பந்தயம் எதுவும் அவருக்கு உதவியிருக்காது. அடியெடுத்து வைப்பதற்கு முன் தரையைப் படிக்கும் ஆட்டம்தான் உதவியது. அவரை மீட்கும் முயற்சிகளில் பலர் உயிரிழந்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும், ஏனெனில் வீழ்ந்தவர் தவறாக எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் மீட்க வருகிறவர்களின் உயிர் பணயமாகிறது. 1988-இல் வெளிவந்த 'பேட் 21' திரைப்படத்தில் இவராக நடித்தவரே, 2001-இன் படத்தில் கப்பலிலிருந்து வெப்பப்படத்தைப் பார்த்து நிற்கும் தளபதியாக வருகிறார் என்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் அறிவார்கள். தரையில் கிடந்தவர் அனுபவித்த காத்திருப்பு, இப்போது கப்பலில் நிற்பவரின் முகத்தில் குடியேறியிருக்கிறது.

திருக்குறள் காலமறிதலையும் இடனறிதலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்திருப்பதில் உள்ள நுட்பத்தை உணர்ந்தவர்களுக்கு, இந்தப் பாத்திரத்தின் முடிவுகளில் புதிராக எதுவும் இருக்காது. மூன்றாம் அணியினரின் குறைக்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. நகைச்சுவை நடிகரின் முதன்மைக் கருவி நேரக் கணிப்பு. எந்த நொடி பேசாமலிருக்க வேண்டும் என்பதை அறியாதவரால் யாரையும் சிரிக்கவைக்க முடியாது. குழிக்குள் மூச்சை அடக்கிக் கிடக்கும் காட்சிக்குத் தேவைப்பட்டதும் அதே கலைதான். உடற்பயிற்சியால் வார்த்தெடுத்த ஒரு சாகச நாயகர் அங்கே கிடந்திருந்தால், அவர் எழுந்து தாக்குவார் என்ற நம்பிக்கை பார்வையாளருக்கு இருந்திருக்கும். இவர் எழமாட்டார் என்ற உறுதியே அந்தக் காட்சியின் அச்சம்.

வருங்காலத்தைப் பொறுத்தவரை சிலவற்றைத் துணிந்து சொல்லலாம். 2001-இன் படத்தில் வெப்பப்படம் மீட்பவர்களின் கையில் மட்டுமே இருந்தது; இனிவரும் படங்களில் துரத்துவோரின் ட்ரோனிலும் அதே கண் இருக்கும், ஆகவே அசையாமல் கிடப்பது மட்டும் போதாமல், உடல் வெப்பத்தையே மறைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நாயகரின் முதன்மை முடிவாக மாறும். நிறுத்தங்கள் குறுகும், ஒவ்வொன்றின் விலையும் கூடும். வானொலிப் பொத்தானை அழுத்துவதா வேண்டாமா என்ற ஒரு நொடித் தயக்கம், இந்தப் படத்தில் கண்ணிவெடிகளுக்கு நடுவிலான ஓட்டம் வகிக்கும் இடத்தைப் பிடிக்கும். இத்தகைய பாத்திரங்களுக்கு நகைச்சுவையில் தேர்ந்தவர்களை இயக்குநர்கள் தேடிச் செல்வார்கள். 2001 செப்டம்பர் 11-க்குப் பின் மூன்று மாதங்களுக்குள் வெளியானதால் இந்தப் படத்தின்மீது படிந்த ஆரவாரமும் அதற்கு எதிரான எரிச்சலும் மேலும் வடிந்தபின், வெடிகளினூடே ஓடும் காட்சி காலத்தால் மங்கும், குழிக்குள் கிடந்த காட்சி நிலைக்கும்.

அடுத்த முறை இந்தப் படத்தைப் பார்க்க அமர்பவர்கள், அந்த அதிகாரி ஓடும் தொலைவை அளப்பதை விட்டுவிட்டு, அவர் நிற்கும் மூன்று இடங்களிலும் அவருடைய கண்களைப் பார்க்க வேண்டும். அவரை உயிரோடு கப்பலுக்குத் திரும்பச் செய்த முடிவுகள் அந்த மூன்று இடங்களிலேயே எடுக்கப்பட்டன.