அனுப்புகிறவரின் இரவு

தமிழில் உருப்படியான வான்போர்ப் படம் ஒன்று இதுவரை வராததற்குக் கணினி வரைகலை வளராததே காரணம், இப்போது அது வளர்ந்துவிட்டது, இனி வந்துவிடும் என்றொரு பேச்சு நம் சினிமா உரையாடல்களில் வேர்விட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் ‘ஃபைட்டர்’ வெளியானபோது தொடங்கிய பேச்சு இது. மறு ஆண்டு ‘ஸ்கை ஃபோர்ஸ்’ வந்ததும் இன்னும் உரக்கக் கேட்டது. இது அடிப்படையிலேயே பிழையான கணிப்பு. போர்விமானிகளைப் பற்றிய படங்களின் வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையோடு திரும்பிப் பார்க்கிற எவருக்கும் அது விளங்கிவிடும்.

தொடக்கக் கட்டத்தை வேகமாகக் கடந்துவிடலாம். முதல் ஆஸ்கார் விழாவிலேயே சிறந்த படமாகப் பரிசு பெற்ற ‘விங்ஸ்’ (1927) மேகங்களுக்கிடையே நடக்கும் சண்டையை அதற்கு முன்பு யாரும் காட்டாத அளவுக்குக் காட்டியது. அதற்குக் கதை எழுதிய ஜான் மங்க் சாண்டர்ஸ்தான் மூன்று ஆண்டுகள் கழித்து ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘தி டான் பெட்ரோல்’ படத்துக்கும் கதை கொடுத்தார். அந்தக் கதைக்கு ஆஸ்கார் கிடைத்தது. 1938இல் எட்மண்ட் கோல்டிங் அதே படத்தை எரால் ஃபிளின், பேசில் ராத்போன், டேவிட் நிவன் ஆகியோரைக் கொண்டு மறுபடி எடுத்தார். பலரும் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு: மறுபடி எடுத்தபோது பறக்கும் காட்சிகளில் பலவற்றை 1930ஆம் ஆண்டுப் படத்திலிருந்தே வெட்டி எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். வானம் கடன் வாங்கிய வானம். இருந்தும் அந்தப் படம் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

உயிர் எங்கே இருக்கிறதென்றால் ஓர் அறையில். 1915, பிரான்சு. பிரிட்டிஷ் விமானப் பிரிவின் தலைவர் மேஜர் பிராண்ட் (பேசில் ராத்போன்) மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். மேலிடத்திலிருந்து தொலைபேசி வருகிறது, நாளை விடியலில் இத்தனை விமானங்கள் போகவேண்டும் என்று. போகிறவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பையன்கள். அவர்களைக் கொல்வது பிராண்ட்தான் என்று நம்புகிறார் அவருக்குக் கீழே பறக்கும் விமானி கோர்ட்னி. முகத்துக்கு நேராகவே சொல்கிறார். பிராண்ட் பதவி உயர்ந்து போகும்போது அந்த மேசை கோர்ட்னிக்கு வந்து சேர்கிறது. அதே தொலைபேசி, அதே கட்டளை. உயிர் நண்பன் ஸ்காட்டின் தம்பி புதிதாக வந்து சேர்கிறான். அவனையும் அனுப்பவேண்டியிருக்கிறது. அவன் திரும்பவில்லை. கடைசியில் ஸ்காட் போகவேண்டிய பயணத்தில் கோர்ட்னி தானே போய்ச் சாகிறார், மேசைக்குப் பின்னால் ஸ்காட் உட்காருகிறார். இந்தச் சுழற்சியைவிடக் கொடுமையான ஒன்றைப் போர்ப்படங்கள் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கவில்லை என்பது என் துணிபு.

படத்தின் மிகச் சிறந்த தருணங்களில் வானமே கண்ணில் படுவதில்லை. திரும்பி வரும் இயந்திரங்களின் இரைச்சலை அறைக்குள் நின்றபடி எண்ணுகிறார்கள். போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இருள் பிரியுமுன் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் போகின்றன. மழைக்காலத்துக் காய் எடுப்பில், சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால், ஆள் அனுப்பிய கங்காணி தெருமுனையில் நின்று ஒவ்வொரு வண்டியாக எண்ணுவார். கடைசி வண்டி வரும்வரை அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பேசில் ராத்போனின் முகத்தில் நான் பார்த்தது அதைத்தான்.

‘கமாண்ட் டெசிஷன்’ (1948), ‘ட்வெல்வ் ஓ கிளாக் ஹை’ (1949) இரண்டும் குண்டுவீச்சு விமானப் பிரிவுகளைப் பற்றியவை. சாண்டர்ஸ் வெட்டிய தடத்தில் நடந்தவை. இரண்டாவதில் கிரிகரி பெக் நடித்த ஜெனரல் சாவேஜ், தன் ஆட்களிடம் பாசம் வைத்ததாலேயே தளர்ந்துபோன ஒரு தலைவருக்குப் பதிலாக வருகிறார். கல்லாக நின்று வேலை வாங்குகிறார். ஒருநாள் விமானத்தில் ஏற முடியாமல் கை நடுங்கி உறைந்துபோகிறார். கண்டிப்புக்கும் பாசத்துக்கும் விலை ஒன்றே என்று காட்டிய நேர்மையான படம்.

நம் பக்கம் வருவோம். இந்தியப் படங்களில் விமானப்படைச் சீருடை நெடுங்காலம் காதலனுக்கு அணிவிக்கும் ஆடையாகவே இருந்தது. ‘சங்கம்’ (1964) நாயகன் காதலிக்காகவே படையில் சேர்கிறான். ‘ஆராதனா’ (1969) தமிழில் சிவாஜி, வாணிஸ்ரீ நடிக்க ‘சிவகாமியின் செல்வன்’ (1974) ஆனது; அதில் விமானி சாவது நாயகியின் தியாகத்துக்குக் கதவு திறக்கத்தான். சேத்தன் ஆனந்தின் ‘ஹிந்துஸ்தான் கி கசம்’ (1973) 1971 போரின் சூடு ஆறுமுன் வந்த படம். ‘ஹகீகத்’ எடுத்த கையிலிருந்து இன்னும் கனமானதை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

பிறகு வந்தது ‘விஜேதா’ (1982). சசி கபூர் தயாரித்து, கோவிந்த் நிஹலானி ஒளிப்பதிவும் செய்து இயக்கிய இந்தப் படத்தை இன்று யாரும் பேசுவதில்லை. பேசாமல் விட்டது பெரும் அநியாயம். பெற்றோரின் கசந்த மணவாழ்க்கைக்கு நடுவே திசை தெரியாமல் வளர்ந்த அங்கத் என்ற பையன் (குணால் கபூர்) போர்விமானி ஆகிறான். நிஹலானி பயிற்சிக்குக் கொடுத்த நேரத்தைப் பாருங்கள். பறக்கும் விமானங்கள் உண்மையான மிக் விமானங்கள். ஆனால் படம் அவற்றைக் கண்டு வாய்பிளப்பதில்லை. அம்ரிஷ் பூரி நடித்த வர்கீஸ் என்ற அதிகாரி, வில்லனாகவே நாம் பழகிவிட்ட அந்தக் குரலைத் தாழ்த்தி, ஒரு பையனை எப்போது தட்டிக்கொடுப்பது, எப்போது தனியே விடுவது என்று யோசிக்கிற மனிதராக நிற்கிறார். இந்தியத் திரையில் ஒரு விமானப்படைத் தலைவருக்கு அகம் என்று ஒன்று வாய்த்தது அங்கேதான். அந்தத் தடம் தொடர்ந்திருக்கவேண்டும். தொடரவில்லை.

‘பார்டர்’ (1997) லோங்கேவாலா கதையை எடுத்துக்கொண்டது. ஜெய்சல்மேரில் நின்ற ஹண்டர் விமானங்களால் இரவில் தாக்க முடியாது. 1971 டிசம்பர் 4 இரவு முழுக்கத் தரையில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்க விடியலுக்காகக் காத்திருக்கவேண்டிய தளத் தலைவரின் நிலை ஒரு முழுப் படத்துக்குப் போதும். ஜாக்கி ஷெராஃபுக்கு அதில் கிடைத்தவை சில காட்சிகள்தாம். ‘ஃபைட்டர்’ இதைவிட மோசம். அணித் தலைவரான அனில் கபூர் பாத்திரத்தின் உள்வலி தங்கையின் சாவு என்ற குடும்பப் பகையாகச் சுருங்கிவிடுகிறது.

‘ஸ்கை ஃபோர்ஸ்’ மீது எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் கையில் இருந்த பொருள் அபாரமானது. 1965 செப்டம்பர் 7 விடியலில் ஆதம்பூரிலிருந்து மிஸ்டேர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் புறப்பட்டன. முதலாம் ஸ்குவாட்ரனின் தலைவர் விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா. மாற்று விமானியாக வைக்கப்பட்டிருந்த குடகு நாட்டுக்காரர், ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பி. தேவய்யா, சென்றார், திரும்பவில்லை. என்ன ஆனார் என்பது ஆண்டுக்கணக்கில் தெரியாமலே கிடந்தது. தன்னைவிட வேகமான ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை எதிர்த்து வீழ்த்திவிட்டே அவர் இறந்தார் என்பது எதிர்த்தரப்பின் விவரங்களைக் கொண்டு எழுதப்பட்ட ஆங்கில நூல் வந்தபிறகுதான் துலங்கியது. மகாவீர் சக்ரா 1988இல் அறிவிக்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு பெயருக்கு எதிரே கேள்விக்குறியோடு வாழ்வது எத்தகைய வாழ்வு? படம் இந்தக் கேள்வியைத் தொடுகிறது. தொட்டதும் பயந்து வெடிகளுக்குள் ஓடிவிடுகிறது.

தமிழில் இந்தத் துறைக்கு நேராக வந்த ஒரே பெரிய முயற்சி மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ (2017). ரவி வர்மனின் பனியும் ரஹ்மானின் இசையும் அதில் குறைவில்லாதவை. கார்கில் காலத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டு ராவல்பிண்டியில் அடைபட்ட விமானி தப்பி வருவதுதான் கதையின் எலும்பு. அந்த எலும்பு 1971 போர்க்கைதிகளின் உண்மைக் கதையிலிருந்து வந்தது. 1972 ஆகஸ்டில் திலீப் பருல்கர், எம்.எஸ். கிரேவால், ஹரீஷ் சின்ஹ்ஜி மூவரும் ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்து வெளியேறி, ஆப்கன் எல்லைக்கு அருகே லண்டி கோத்தல்வரை போய்ப் பிடிபட்டார்கள். மூவரின் சாகசம் எல்லாருக்கும் தெரியும். முகாமில் மிச்சமிருந்தவர்களை யார் நினைத்தார்கள்? கைதிகளில் மூத்தவர் விங் கமாண்டர் கோயெல்ஹோ. இளைஞர்கள் தப்ப நினைப்பது ராணுவ மரபுப்படி அவர்கள் கடமை; அவர்கள் போனபிறகு விழும் அடியை வாங்கப்போவது பின்தங்குகிறவர்கள். இரு தரப்புக்கும் பொறுப்பு அந்த ஒரு மனிதர். ஒரு பெரிய படைப்பாளி இந்தக் கதையைப் படித்துவிட்டு ஓடிய கால்களை எடுத்துக்கொண்டு, நின்ற மனிதரை விட்டுவிட்டாரே என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை. காதலனின் ஆணவம் ஆராயப்பட்ட அந்தப் படத்தில் தலைமையின் சுமைக்கு இடமே இல்லாமல் போயிற்று.

இத்தனைக்கும் இந்தப் பொருளில் நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. முல்லைப்பாட்டின் அரசன் பாசறையில் தூக்கம் வராமல் கிடக்கிறான். வெட்டுண்ட யானைகளையும், அம்பு தைத்த குதிரைகளையும், தனக்காக இறந்த வீரர்களையும் நினைக்கிறான். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையின் தலைவனோ நள்ளிரவில், வாடைக்காற்றில் விளக்குகள் அலைய, காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறான். இரு புலவர்களும் போர்க்களத்தைப் பாடத் தெரியாதவர்கள் அல்லர். வென்ற தலைவனை அவர்கள் இரவில் வைத்துத்தான் பார்த்தார்கள். ஹாலிவுட்டின் அறைக்கும் நக்கீரரின் பாசறைக்கும் இடையில் எனக்குத் தூரம் தெரியவில்லை. நக்கீரருக்கும் நம் திரைக்கதைகளுக்கும் இடையில்தான் தெரிகிறது.

போடியில் இருந்துகொண்டு இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11, குரங்கணி மலையில் தீப்பிடித்து, மலையேற வந்தவர்கள் சிக்கிக்கொண்டபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் இந்தச் சரிவுகளுக்கு மேலே வந்தன. இருட்டிலேயே ஊர்க்காரர்கள் நடந்து ஏறினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மீட்பு என்றாலே எரியும் மலைக்குள் இன்னும் சில உயிர்களை அனுப்புவதுதான் என்பதை, அனுப்பச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதை, அன்றிரவு அடிவாரத்தில் நின்ற ஊர் கண்ணெதிரே கண்டது. ஹெலிகாப்டரைப் படமாக்குவது எளிது. அந்தச் சொல்லைப் படமாக்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே தமிழில் வரவேண்டிய விமானிப் படத்துக்கு நான் கேட்பது கோடிகளை விழுங்கும் வரைகலை அரங்கை அல்ல. கோயெல்ஹோவை எடுங்கள், அல்லது செப்டம்பர் 7 மாலையில் திரும்பாத ஒருவருக்காகக் காத்திருந்த தனேஜாவை எடுங்கள். ஒரு முகாம் அறை, ஒரு தொலைபேசி, சுவரில் பெயர்ப்பலகை போதும். அந்த மேசைக்குப் பின்னால் நாசரையோ பசுபதியையோ உட்காரவையுங்கள். துணைப் பாத்திரங்களில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வீணடிக்கப்பட்ட முகங்கள் அவை, பேசாமல் இருக்கத் தெரிந்தவை. இளம் நாயகன் ஐந்தாவது காட்சியில் பறந்துபோய்விடட்டும். ஒளிப்பதிவுக் கருவி அவனைப் பின்தொடராமல் அறைக்குள்ளேயே இருக்கட்டும்.