மறக்கவும் தெரிந்த நினைவு

உடுவில் ஊரின் ஒழுங்கைகளில் பழகிய தபால்காரர் உறையைப் பார்த்ததுமே எந்தப் படலைக்குச் சைக்கிளைத் திருப்புவதென்று முடிவுசெய்துவிடுவார், பட்டியலைப் புரட்டமாட்டார். மின்னஞ்சல் சேவையகத்துக்கு ரெடிஸ் என்ற மென்பொருள் கொடுப்பது அந்தப் பழக்கத்தைத்தான். அடிக்கடி கேட்கப்படும் சின்னச் சின்ன விடைகளை அது நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. வட்டுக்கு ஓடும் ஓட்டம் குறைகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் கரகரப்பு அடங்கி, விசிறியின் மெல்லிய இரைச்சல் மிஞ்சுகிறது. ரெடிஸிடம் ‘பிங்’ என்று தட்டினால் உடனே ‘பொங்’ என்று பதில் வருவதில் ஒரு குழந்தைச் சந்தோசம்.

வேகத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் மறதி. குப்பை அஞ்சலை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி, சந்தேகமான அஞ்சலை “கொஞ்சம் பொறுத்து வா” என்று திருப்பிவிட்டு, அடையாளத்தை ரெடிஸில் குறித்துவைக்கும். முறையான சேவையகம் பொறுமையாகத் திரும்பி வரும். குப்பை அனுப்புவோர் பலருக்கு அந்தப் பொறுமை இல்லை. தவணை முடிந்ததும் குறிப்பு தானே அழியும். யாரும் ஞாபகமூட்டத் தேவையில்லை. கரண்ட் போனால் நினைவகம் வெறுமையாகிவிடும் என்பதால், இடைக்கிடை வட்டில் ஒரு பிரதியும் எடுத்துவைக்கலாம். கடிதங்கள் எப்போதும்போல வட்டில்தான் கிடக்கின்றன. ரெடிஸ் சுமப்பது அவற்றைக் கையாளும் குறிப்புகளை மட்டுமே. தன் வேலையின் அளவு தெரிந்த கருவி அது.