கண்டியில் ஒரு நாள், பல நாட்டு ருசி

கண்டிக்கு வரும் புதுமணச் சோடிகளின் கால்கள் தலதா மாளிகைக்கும் ஏரிக்கரைக்கும் தாமாகவே போய்விடும். வாய்க்கும் ஓர் உலா உண்டு. அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

காலையில் சைவக் கடையில் தோசை. பத்து மணிக்குப் பேக்கரியில் மாலு பாண். பாண் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. சம்பலைச் சிவக்க வைக்கும் மிளகாயும் அவர்கள் கப்பலில் வந்ததுதான். மதியம் கிடைத்தால் லம்பிரை: சோற்றையும் இறைச்சிக் கறியையும் வாழையிலையில் பொதிந்து சுடும் பறங்கியர் சமையல்.

அன்றைய மகுடம் வட்டிலப்பம். மலாயர் வழி வந்து முஸ்லிம் வீடுகளின் பெருநாள் பண்டமானது. முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலக்காய் கலந்து ஆவியில் அவிப்பார்கள். கருப்பட்டிக்குப் பதில் சீனி போட்டால் காரியம் கெட்டது! நல்ல வட்டிலப்பத்தை வெட்டினால் உள்ளே சின்னச் சின்னத் துளைகள் தெரியும்.

பிற்பகலில் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம். 1925இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடம் அது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலை, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களே வளர்த்தார்கள். அங்கே ஒரு கோப்பைத் தேநீர் போதும். இரவுக் கொத்து ரொட்டிக்கு வயிற்றில் இடம் வையுங்கள்.