கூண்டிலும் கூரையிலும்

குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் கூடும். சுரபி நதியில் குளித்து, எள் தீபம் ஏற்றி, எள் சோற்றைக் காகத்துக்கு வைத்த பிறகுதான் பலர் ஊர் திரும்புவார்கள். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இந்த வழிபாட்டுக்குரிய மாதம் புரட்டாதி. கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, விரதச் சமையல் முடிந்ததும் வாழையிலைத் துண்டில் முதற்சோறு காகத்துக்குப் போகும். காகம் வந்து கொத்தும்வரை வீட்டார் பந்தியில் உட்கார மாட்டார்கள். ஆடியானாலும் புரட்டாதியானாலும் அந்த நாளில் காகத்துக்குத்தான் முதல் பங்கு.

கயிறும் கூண்டும் இல்லாமல் ஒரு பறவையை வீட்டு ஆளாக வைத்திருக்கும் வழக்கம் இது. வீட்டில் பல உயிர்களை வளர்ப்பதை இந்தியா, இலங்கை ஆகிய இரு நாட்டிலும் வைத்து ஒப்பிடும்போது, காகத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். இன்று கூண்டில் ஆஸ்திரேலியக் கிளி, கண்ணாடித் தொட்டியில் அமெரிக்க ஆமை, பெருநகர அடுக்ககங்களில் ஆப்பிரிக்க மலைப்பாம்பு என்று வீடுகள் நிறைந்துவருகின்றன. இவற்றை வளர்ப்பது சரியா தவறா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று: வளர்ப்பவர் இல்லாமல் போகிற நாளில் இந்த உயிருக்கு என்ன ஆகும், அதனால் ஊருக்கு என்ன ஆகும்?

கம்பம் பள்ளத்தாக்கின் பழைய சம்சாரி வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. தொழுவத்தில் மாடு, கொட்டிலில் ஆடு, முற்றத்தில் சேவல், வாசலில் நாய். அந்த நாய்க்கு இந்தப் பள்ளத்தாக்கே பெயர் தந்திருக்கிறது. உத்தமபாளையம் வட்டத்து மலையடிவார ஊரான கோம்பையின் பெயரால் அழைக்கப்படும் கோம்பை நாய், செம்பழுப்பு உடலும் கருத்த முகமும் கொண்டது. தோட்டக் காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போனது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு கோம்பையையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். இந்த வெயிலுக்கும் இந்த வீட்டுச் சோற்றுக்கும் பழகிய உடம்பு அதற்கு. வளர்த்தவர் போனாலும் அண்டை வீடு அதை ஏற்றுக்கொள்ளும்.

மாடுகளுக்கும் அப்படித்தான். கம்பம் நந்தகோபாலன் கோயிலின் தம்பிரான் மாடுகளை வணங்க மாட்டுப் பொங்கலன்று சுற்றூரெல்லாம் திரளும். அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி வாடிவாசல்களில் அவிழும் காளைக்கு ஒரு குடும்பம் மட்டும் சொந்தமில்லை, ஊரே சொந்தம். மேகமலைச் சரிவுகளில் மேய்ந்து பழகிய மலைமாடுகளும் உண்டு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டு மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அது புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி என்பதால், இங்குள்ள மலைமாட்டுக்காரர்களின் கவலை அப்படியே நிற்கிறது. காட்டைக் காப்பது அவசியம். கூடவே, ஒரு நாட்டு இனம் மேய்ச்சல் நிலமின்றி அருகிப் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

யாழ்ப்பாணத்து வளவின் அமைப்பு இதற்கு நெருக்கமானது. வேலிக்குள் பசு, ஆடு, கோழி, நாய். காளைக்கு அங்கே வாடிவாசல் இல்லை, மாட்டுவண்டிச் சவாரி உண்டு. வலிகாமத்திலும் வடமராட்சியிலும் சவாரி மாட்டைப் பிள்ளைபோல் பார்ப்பவர்களைக் காணலாம். ஆனால் அந்த மண்ணுக்கு, நம் பள்ளத்தாக்கு அறியாத ஒரு அனுபவம் நேர்ந்தது. 1995 அக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டார்கள். மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, நாயைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தவர்கள் பலர். அவிழ்த்துவிட்ட மாடு கட்டாக்காலியாக அலைந்தாவது மேய்ந்து பிழைக்கலாம். கூண்டுக்குள் இருந்திருந்தால் அதற்கு அந்த வழியும் கிடையாது. வீடு வெறுமையாகும் நாளை நினைத்துப் பார்க்காமல் ஓர் உயிரைச் சொந்தமாக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் எனக்குத் தெரியாது.

இலங்கையின் தெற்கில் வீட்டு விலங்கு என்றால் யானையும் வரும். செல்வாக்குள்ள குடும்பங்களின் வளவுகளிலும் விகாரைகளிலும் யானை வளர்ப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அதில் உச்சம் நெதுங்கமுவ ராஜா. மைசூரில் பிறந்து, குட்டியாக இலங்கைக்கு வந்து, கம்பஹா மாவட்டத்தில் ஒரு வைத்தியர் குடும்பத்தில் வளர்ந்தது. கண்டி எசல பெரஹரா ஊர்வலத்தில் புனிதப் பேழையைப் பல ஆண்டுகள் சுமந்தது. நெரிசலான சாலைகளில் கண்டிவரை நடந்தே போகும் அந்த யானைக்கு ஆயுதம் தாங்கிய காவலும் தரப்பட்டது. 2022 மார்ச் 7 அன்று ஏறத்தாழ 69 வயதில் அது இறந்தபோது நாடே துக்கம் கொண்டாடியது. அதைத் தேசியச் சொத்தாக அறிவித்து, உடலைப் பதப்படுத்திப் பாதுகாக்கவும் உத்தரவானது. பிறப்பால் அது அயல்நாட்டு விலங்கு. தலைமுறை தாண்டிப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பமும், உரிமை கொண்டாட ஒரு நாடும் இருந்ததால் அது அந்த மண்ணின் யானையாயிற்று.

அதே நாட்டில் இதன் மறுபக்கமும் உண்டு. காட்டிலிருந்து திருடிய குட்டிகளுக்குப் பொய்ப் பதிவு வாங்கி வீட்டு யானையாக்கிய வழக்குகள் இலங்கையை உலுக்கின. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் யானைப் பதிவேடே காணாமல் போனதாகச் செய்தி வந்தது. 2021 ஆகஸ்டில் அரசு புதிய விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு யானைக்கும் மரபணு விவரத்தோடு படமிட்ட அடையாள அட்டை, நாளுக்கு இரண்டரை மணி நேரக் குளியல், நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இரவு வேலை அறவே கூடாது, பாகன் பணி நேரத்தில் குடிக்கக் கூடாது. இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட விதிகளைப் பாராட்டலாம். ஆனால் பதிவேடு தொலைகிற அலுவலகத்தில் எவ்வளவு நல்ல விதியும் செல்லாக் காசு.

தமிழ்நாட்டிலும் யானை கோயிலோடும் தனியாரோடும் வாழ்ந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு வளர்ப்பு யானைகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. 2023இல் லலிதா என்ற முதிய யானை குறித்த வழக்கில், இனிமேல் கோயில்களோ தனியாரோ புதிதாக யானை வாங்க இடம் தரக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. இலங்கை யானை வளர்ப்பை ஒழுங்குபடுத்தித் தொடர முயல்கிறது. தமிழ்நாடு அதைப் படிப்படியாக முடிக்கப் பார்க்கிறது. இரண்டில் எனக்குத் தமிழ்நாட்டின் வழியே சரியாகப் படுகிறது. ராஜாவுக்கு வாய்த்த குடும்பம் எல்லா யானைக்கும் வாய்ப்பதில்லை.

இப்போது கூண்டுக்கு வருவோம். நம் வயலிலும் தோப்பிலும் பறக்கும் பச்சைக்கிளியை இந்தியாவில் வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது காட்டுயிர். 1990களின் தொடக்கத்திலேயே இந்தியக் காட்டுப் பறவைகளின் வணிகம் தடைசெய்யப்பட்டுவிட்டது. கிளி ஜோசியக்காரரின் கூண்டும் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகரை ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சந்தையில் வாங்கிக் கூண்டில் வளர்க்கத் தடை இல்லை. உள்ளூர்க் கிளியைக் காப்பாற்ற எழுந்த சட்டம், ஆசைப்பட்டவர்களை வெளிநாட்டுக் கிளியின் பக்கம் திருப்பிவிட்டது. சட்டத்தின் நோக்கம் நியாயமானது. ஆனால் வெளிநாட்டு உயிர்களைப் பற்றி அது வெகுகாலம் ஒன்றும் சொல்லவில்லை. பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் குரங்குக் குட்டிகளும் பாம்புகளும் சென்னை விமான நிலையத்தில் திரும்பத் திரும்பப் பிடிபடுவதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

2020 ஜூனில் ஒன்றிய அரசு, வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தது. 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. காட்டுயிர் வணிகத்துக்கான சைட்ஸ் உடன்படிக்கையில் பட்டியலிட்ட உயிர்களை அது முதன்முறையாக உள்நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரி விதிகளின்படி அத்தகைய உயிரை வைத்திருப்பவர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி பிறந்தாலும் இறந்தாலும் கைமாறினாலும் சொல்ல வேண்டும். இந்தியா 1976இலும் இலங்கை 1979இலும் சைட்ஸில் சேர்ந்தவை. இலங்கையின் அடிப்படைக் காட்டுயிர்ச் சட்டம் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். யானைக்குப் பதிவேடு என்ற எண்ணம் அங்கே பழையது. கிளிக்கும் ஆமைக்கும் ஓணானுக்கும் பதிவேடு என்பது இந்தியாவில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இலங்கை யானைப் பதிவேட்டில் பட்ட பாட்டை இந்தியா இந்தப் பதிவேட்டில் படக் கூடாது.

பதிவேடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரு நாட்டு நீர்நிலைகளும் பதில் சொல்லும். நம் அணைகளிலும் கண்மாய்களிலும் வலைக்கு வரும் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன். 1952இல் அது இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மலிவான உணவு தரும் என்ற நல்லெண்ணத்தில் வந்த மீன், ஊர்க் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் அனுப்பும் பெரியாறு ஏரியில், உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. அங்கேயும் ஜிலேபியும் சாதாக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் புகுந்து அவற்றை நெருக்குகின்றன. இலங்கையில் அலங்காரத் தொட்டிகளிலிருந்து தப்பிய புள்ளி வாளை மீன் மேற்குக் கரை ஆறுகளில் பெருகி, உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்கிறது. காசு அளவில் வாங்கும் சிவப்புக் காது ஆமை ஓரடிக்கு வளர்ந்ததும், ‘பாவம், குளத்தில் விடுவோம்’ என்று விடுகிறார்கள். விட்டவர் மனம் இலேசாகிறது. குளம்தான் அதன் விலையைக் கட்டுகிறது.

நாம் சோறு வைக்கும் காகத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1890களில் மலாயாவின் கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுபோனார்கள். அதே காலத்தில் சான்சிபாருக்கும் குப்பை தின்னக் காகம் போனது. இன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் அது பெருந்தொல்லை. கென்ய அரசு 2024இல் பத்து இலட்சம் காகங்களைக் கொல்லத் திட்டம் அறிவித்தது. குச்சனூரில் சனியின் வாகனம், மொம்பாசாவில் பிற பறவைகளின் குஞ்சுகளைத் தின்னும் அந்நியன். காகம் எங்கும் காகம்தான். அதை இடம்பெயர்த்தவர்கள் போன பின் என்ன ஆகும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நட்சத்திர ஆமையின் கதை இதன் எதிர்ப்பக்கம். தமிழ்நாட்டின் வறண்ட காடுகளும் இலங்கையின் வறண்ட வலயமும் அதன் பிறந்த வீடு. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பெரியவர்கள் ஒதுக்கிவைத்ததை, வெளிநாடுகளில் அழகுக்காக வாங்குகிறார்கள். அந்தச் சந்தைக்காகத் திருடப்பட்டதால் 2019இல் அது சைட்ஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்குப் போனது. நம்மிடம் வரும் மக்கா கிளிக்கும் மலைப்பாம்புக்கும் இப்படி ஒரு பிறந்த வீடு இருக்கிறது. கூண்டின் முன் நிற்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

ஒப்பீட்டின் முடிவாக, எங்கள் பள்ளத்தாக்கில் இனி உயிர் வாங்கப் போகும் குடும்பங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான். மக்கா ஐம்பது ஆண்டுக்கு மேலும் வாழும்; வாங்குபவர் தன் வயதோடு அதைக் கூட்டிப் பார்த்து, பின்னால் யார் பார்ப்பார் என்று இன்றே பேசி முடிவுசெய்ய வேண்டும். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எங்கே வாங்கியது, எப்போது பிறந்தது என்று வீட்டில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் முல்லைப் பெரியாற்று வாய்க்காலிலும் மேகமலையிலும் கோயில் குளத்திலும் விடக் கூடாது. வனத்துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ போக வேண்டும். உயிர்களோடு வாழும் ஆசை பொங்குகிறதென்றால், வாங்க ஆள் தேடிக்கொண்டிருக்கும் கோம்பைக் குட்டியும் மலைமாட்டுக் கன்றும் இங்கேயே இருக்கின்றன. அவற்றை வளர்க்கும் வீடு ஓர் இனத்தையும் சேர்த்து வளர்க்கிறது. பிள்ளைகளுக்குப் பறவை வேண்டுமென்றால் கூரையில் ஒரு கைப்பிடிச் சோறும் ஒரு சட்டித் தண்ணீரும் போதும். காகத்தோடு மைனாவும் அணிலும் சேர்ந்தே வரும். வந்த உயிர் விரும்பியபோது போகலாம் என்ற உறவில் வளரும் பிள்ளை, பின்னாளில் கூண்டு வாங்கும் முன் நிச்சயம் ஒருமுறை யோசிக்கும்.